செல்லரித்த வரி

ஆகஸ்ட் 4, திங்கள்

ரத்த அழுத்தம் 138/84. நடை முப்பத்தைந்து நிமிடம். கிளம்புவதற்கு முன் சட்டையை இரண்டு முறை மாற்றினேன். "பொண்ணு பாக்கவா போறீங்க?" என்றாள் என் மனைவி சௌந்தரம்.

பீளமேட்டில் அந்த நிறுவனம் நான்காம் மாடியில் இருக்கிறது. எழுபத்து நான்கு வயதில் ஒரு வேலையில் சேர்பவன் எங்கே உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது சொல்லட்டும் என்று கால்மணி நேரம் நின்றேன்.

அவர்கள் செய்வது ஒரு வீடியோ கேம். பெயர் 'கொங்கு 1240'. கி.பி. 1240இல் கொங்கு நாட்டில் ஓர் ஊர், அதைச் சுற்றிக் காடு. விளையாடுகிறவர் ஒரு வழிப்போக்கனாக அங்கே போய்ப் பிழைக்க வேண்டும். மந்திரமில்லை, பூதமில்லை. காயம் பட்டால் சீழ் வைக்கும். கெட்ட தண்ணீர் குடித்தால் பேதியாகும். உரிமையாளர் அஸ்வந்த் முப்பது வயதுக்காரர். "எல்லாமே நெஜமா இருக்கணும் சார். ஒரு ஹிஸ்டரி புரொபசர் விளையாடினாக்கூட குறை சொல்லக் கூடாது" என்றார்.

அந்த ஊரின் மருத்துவம் என் பொறுப்பு. 'பேறுகால வாகடம்' என்ற மருத்துவ ஓலைச்சுவடியை நான் பதிப்பித்தவன் என்பதால் தேடி வந்திருக்கிறார்கள். என்னைத் தேடி யாராவது வருவது என்றால் அந்த ஒரு புத்தகத்துக்காகத்தான்.

கதைப் பகுதியை எழுதும் மெர்லின், ஆதாரங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று கேட்டாள். ஓர் அட்டவணை சொன்னேன். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி. கல்வெட்டோ சுவடியோ அச்சு நூலோ ஆதாரமாக இருந்தால் பச்சை. ஐயமென்றால் மஞ்சள். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு ஆட்டத்துக்குள் போகக் கூடாது. அஸ்வந்துக்கு மிகவும் பிடித்துவிட்டது. அச்சிட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார். என் சொல் ஒன்று சுவரில் ஒட்டப்படுவது இதுவே முதல் முறை. திரும்பும்போது பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆட்டத்தில் மருத்துவச்சி ஒருத்தி வருகிறாள். அவளுக்கு முகமும் கையசைவும் கொடுக்க உண்மையான மருத்துவச்சி ஒருவரை மெர்லின் அழைத்து வந்திருக்கிறாள். தெய்வாத்தாள், வயது அறுபத்தாறு. தாராபுரத்துக்குத் தெற்கே செம்பூத்துவலசு. முடிதிருத்தும் குடும்பம், அந்த வீட்டுப் பெண்கள் தலைமுறையாகப் பிரசவம் பார்த்தவர்கள். இப்போது பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில். ஆனால் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்ததும் தாய்க்குப் பத்தியம், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் வார்ப்பது, உரை மருந்து கொடுப்பது எல்லாம் இவர்தான். சுற்றிலும் பன்னிரண்டு ஊர்களில் கூப்பிடுகிறார்கள்.

ஓர் அறையில் எண்பது கேமராக்களுக்கு நடுவே உட்கார வைத்து முகத்தைப் பதிவு செய்தார்கள். பிறகு கறுப்பு உடை மாட்டி, உடம்பெல்லாம் சிறு உருண்டைகள் ஒட்டி, அம்மியில் அரைப்பது போல, பிள்ளையை ஏந்துவது போலச் செய்யச் சொன்னார்கள். அம்மி இல்லை, பிள்ளையும் இல்லை. வெறுங்கையால் செய்தார். ஒரு கட்டத்தில் அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

"இந்த உடுப்பப் போட்டுட்டு ஊருக்குள்ள போனா என்னையவே பேயோட்டக் கூட்டிட்டுப் போயிருவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பார் என்று நினைத்து மை வாங்கி வைத்திருந்தார்கள். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போடும் முன் என்னைப் பார்த்து, "ஏனுங்க சார், நீங்க பெரியவங்க, அதனால உங்களைக் கேக்கறேன். எம்மூஞ்சி வருதாமா. பேரு கெடாமப் பாத்துக்குவீங்களா? எனக்கு இருக்கறது அது ஒண்ணுதானுங்க. பச்சப் புள்ளைய நம்பிக் கையில குடுக்கறாங்க" என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

தெய்வாத்தாள் சொன்னவற்றை மெர்லின் முப்பத்தொரு வரிகளாக அட்டவணையில் ஏற்றியிருந்தாள். முப்பத்தொன்றையும் சிவப்பாக்கினேன். விளக்கெண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் தேய்ப்பது, தொப்புள்கொடியை அறுக்கும் முன் நான்கு விரல் அளப்பது, எல்லாமே.

"சார், அவங்க பேர், ஊர், வயசு போட்டு அதையே ஆதாரமா காட்ட முடியாதா?"

"இன்றைய வாய்மொழி 1240க்கு ஆதாரமாகாதும்மா."

"சுவடி மட்டும் 1240லயா சார் எழுதுனது?"

என் சுவடிக்கு வயது இருநூறு. அதிகம் போனால் இருநூற்றைம்பது. கண்ணாடியைத் துடைத்தேன். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல பெண்.

வழியில் வாழைப்பூ வாங்கினேன். உள்ளே கறுத்திருந்தது.

செப்டம்பர் 3, புதன்

இதைச் சற்று விரிவாக எழுத வேண்டும்.

ஆட்டத்தில் 'தலைப்பிரசவம்' என்று ஒரு பகுதி. ஊரில் ஒரு பெண்ணுக்கு இரண்டு நாளாக வலி, பிள்ளை இறங்கவில்லை. விளையாடுகிறவர் காட்டுக்குப் போய்க் கண்வலிக் கிழங்கை, அதாவது செங்காந்தள் கிழங்கைத் தோண்டி மருத்துவச்சியிடம் கொடுக்க வேண்டும். அவள் அதை அரைத்துப் பாலில் கலந்து குடிக்கத் தருவாள். ஆதாரம்: பேறுகால வாகடம், இரண்டாம் பதிப்பு, பக்கம் 88. பச்சை.

இன்று அந்தக் கையசைவைப் பதிவு செய்ய தெய்வாத்தாளை மறுபடி அழைத்திருந்தார்கள். "கிழங்கை அரைத்து, டம்ளரில் ஊற்றி, அந்தப் பெண்ணின் வாயில் வையுங்கள்" என்று ஒரு பையன் சொன்னான். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதக் குடிக்கவா குடுப்பாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றேன்.

"எந்தப் பொஸ்தகமுங்க? எங்கூர்ல இத வெதைக்குன்னு காடு காடாப் போட்டிருக்காங்க. ஆடு தின்னாச் செத்துப் போகுது. இது பூசறதுங்க சார். தொப்புளுக்குக் கீழயும் உள்ளங்காலுக்கும் பத்துப் போடறது. புள்ள தல காட்டுனதும் சுத்தமாத் தொடச்சுக் கழுவிப் போடோணும். எங்காத்தா அதுக்குன்னே ஒரு ஆளச் செம்பும் கையுமா நிறுத்தி வெப்பா. அவ காலத்தோட அதுவும் போச்சு, நான் கையால தொட்டதில்ல. உள்ள போச்சுன்னா தாயும் போயிருவா, புள்ளையும் போயிரும்."

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு சொல் விடாமல் எழுதினேன். அட்டவணையில் அவர் பெயரில் முப்பத்திரண்டாவது வரியாகவும் சேர்த்தேன். சிவப்பு.

மெர்லின் என்னைத் தனியே அழைத்து, "சார், எது சரி?" என்றாள்.

சுவடியில் அந்த இடம் எப்படியிருந்தது என்று நினைவிலிருந்து சொன்னேன். 'கிழங்கை அரைத்து' என்பது தெளிவு. அதற்கு அடுத்து மூன்று சொற்கள் அளவுக்குச் செல்லரித்துப் போயிருந்தது. பிறகு 'நோவு தீர்ந்து மகவு இறங்கும்' என்று முடிகிறது. முந்தைய பாடலிலும் பிந்தைய பாடலிலும் மருந்து பாலில் கொடுக்கப்படுகிறது. ஆகவே 'பாலில் பருகத் தர' என்று ஊகித்து நிரப்பினேன். பதிப்பு முறைப்படி அது பிழையல்ல.

"அப்போ அது நீங்க எழுதுனது."

"ஊகம். முதல் பதிப்பில் அடைப்புக்குறிக்குள்தான் இருக்கும். இரண்டாம் பதிப்பில் அச்சகத்தார் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது."

"அப்போ மஞ்சளாக்கிடலாமா?"

மஞ்சளாக்கினால் அஸ்வந்த் ஏன் என்று கேட்பார். அந்தப் புத்தகத்திலிருந்து நூற்றுப்பத்து வரிகள் பச்சையில் இருக்கின்றன. வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

வெறுந்தரையில் படுக்க வைத்திருந்த பொம்மையின் வாயில் தெய்வாத்தாள் கடைசியில் டம்ளரை வைத்தார். "பொய்க்குத்தானுங்களே" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் வைத்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

பார்க்கவில்லை. குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்திருந்தார்.

செப்டம்பர் 17, புதன்

விளையாடிப் பார்க்கிறவர்கள் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 'தலைப்பிரசவம்' பகுதியில் அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் இறந்துவிடுகிறாள். எந்த வழியில் போனாலும்.

காரணம் எளிது. செடிகளின் நச்சுத்தன்மையை வேறொரு குழு தாவரவியல் நூல்களிலிருந்து ஏற்றியிருக்கிறது. கண்வலிக் கிழங்கு உள்ளே போனால் சாவு என்று கணினிக்குத் தெரியும். மருத்துவச்சி அதைக் குடிக்கக் கொடுப்பாள் என்பது என் புத்தகத்திலிருந்து போயிருக்கிறது. இரண்டு வரியும் பச்சை. கணினி இரண்டையும் நம்பியிருக்கிறது.

அஸ்வந்துக்கு இது சிக்கலாகத் தெரியவில்லை. முகம் மலர்ந்திருந்தது. "சார், இதுதான் சார் ரியலிசம். அந்தக் காலத்துல நாட்டு வைத்தியத்துல எத்தனை பேர் செத்திருப்பாங்க? எல்லா கேம்லயும் பச்சிலை தின்னா உசுரு ஏறும். நம்ம கேம்ல செத்துடுவாங்க. யாருமே பண்ணாதது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, இது சரித்திரப்படி நடந்திருக்கக் கூடியதுதானே?"

ஆறேழு பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். மெர்லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடந்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்ல முடியாது" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய்யில்லை. பேருந்தில் அதைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தேன். பொய்யில்லை.

அக்டோபர் 9, வியாழன்

பீரோவின் மேல்தட்டைச் சுத்தம் செய்தேன். இரண்டாம் பதிப்பின் மெய்ப்புக் கட்டு கிடைத்தது. 1997.

அச்சகத்தார் விடவில்லை. அடைப்புக்குறிகளைச் சிவப்பு மையால் அடித்தது நான்தான். நாற்பத்து மூன்று இடங்கள். கல்லூரிப் பாடத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இத்தனை அடைப்புகள் கூடாது, மாணவர்கள் குழம்புவார்கள் என்று பாடத்திட்டக் குழுவில் ஒருவர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரிசையாக அடித்தேன். ஒவ்வொன்றையும் அடிக்கும்போது இது ஓரளவு உறுதிதான் என்று நினைத்துக்கொண்டதாக ஞாபகம்.

புத்தகம் ஆறு ஆண்டுகள் பாடமாக இருந்தது. கட்டைத் திரும்ப மேலே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

ரத்த அழுத்தம் 150/92. மாத்திரையை இரவுக்கு மாற்றச் சொன்னார் மருத்துவர். மனக்கவலை ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

'கொங்கு 1240' வெளியானது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். தெய்வாத்தாளுக்கு அழைப்பு அனுப்பினார்களா என்று கேட்க நினைத்தேன். கூட்டமாக இருந்தது.

நவம்பர் 22, சனி

மெர்லின் சில காணொளிகளின் சுட்டிகளை அனுப்பியிருந்தாள். விளையாடிக்கொண்டே பேசுகிறவர்கள். ஒரு வாரத்தில் அந்த மருத்துவச்சிதான் ஆட்டத்திலேயே பிரபலமானவளாகிவிட்டாள்.

ஒருவன் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "மச்சி, இது கிழவி கையால போட்ட டீ. குடிக்கட்டுமா, உயில் எழுதிட்டுக் குடிக்கட்டுமா?" என்கிறான். இன்னொருவன் அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பதினேழு முறை முயன்றிருக்கிறான். பதினெட்டாவது முறை கிழங்கைக் கொடுக்காமல் மருத்துவச்சியைக் கத்தியால் குத்துகிறான். கீழே நான்காயிரம் பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

அந்த முகத்தில் எல்லாம் அப்படியே வந்திருக்கிறது. மூக்குத்தி ஓட்டை, இடது புருவத்தின் பக்கத்து மரு, கேள்வி கேட்கும்போது தலையைச் சாய்க்கும் விதம். நேர்த்தியான வேலைப்பாடு.

டிசம்பர் 3, புதன்

பகல் பதினொரு மணிக்கு தெய்வாத்தாள் அழைத்தார்.

"சார், நல்லாருக்கீங்களா? வீட்டுல அம்மா நல்லாருக்காங்களா?" எல்லாம் விசாரித்த பிறகுதான் சொன்னார். "எங்கூர்ல செல்லுல என்னையக் காட்டிச் சிரிக்கறாங்க. நான் ஒரு பொண்ணுக்கு என்னமோ குடுக்கறேன், அது துடிச்சுச் சாகுது. அது நாந்தானுங்களா?"

"அது ஆட்டம்தானம்மா."

"ஆட்டம்னு எனக்குத் தெரியுதுங்க. ஊர்க்காரங்களுக்குத் தெரியோணுமில்ல. போன வாரம் ரெண்டு ஊட்டுல தண்ணி வாக்க வர வேண்டாம்னுட்டாங்க. அந்தப் பெரிய தோட்டத்து ஊட்டுல பொண்ணுக்கு மாசம். இந்த மாசக் கடைசில பெறக்கும். அந்தப் பொண்ணையே நாந்தான் மடியில போட்டுத் தண்ணி வாத்தேன். அவிய இப்ப என்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்பறாங்க. அந்த ஊடு விட்டுப் போச்சுன்னா மத்த ஊடெல்லாம் வரிசையாப் போயிருமுங்க." பிறகு கேட்டார்: "குடிக்கக் குடுக்கறதில்லன்னு நான் சொன்னேனே, நீங்க எழுதிக்கலீங்களா?"

"எழுதிக்கொண்டேன்."

"அப்பறம் எப்படிங்க?"

விசாரிக்கிறேன் என்றேன். யாரிடம் விசாரிப்பேன் என்று அவர் கேட்கவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

நிறுவனத்துக்குக் கடிதம். முதல் வரைவு மூன்று பக்கம். சுவடியின் வரலாறு, ஏடுகளின் நிலை, பதிப்பு நெறிகள் எல்லாம் எழுதினேன். சௌந்தரத்திடம் படிக்கக் கொடுத்தேன். பருப்பைக் களைந்து வைத்துவிட்டு வந்து படித்தாள்.

"ஏனுங்க, இதுல யாரு தப்புப் பண்ணுனாங்கன்னே தெரியலியே."

"கடைசிப் பத்தியில் இருக்கிறது."

"கடைசியில 'பிழை நேர்ந்திருக்கலாம்'னு இருக்குது. எதோ மழை பேஞ்சிருக்கலாங்கற மாதிரி."

டிசம்பர் 15, திங்கள்

இரண்டாம் வரைவு. மூன்றாம் வரைவு. எனக்கு இந்த வயதில் இருப்பது அந்த ஒரு புத்தகம். அது போனால் நான் யார் என்று யாருக்காவது விளக்க வேண்டியிருக்கும். யாரும் கேட்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

டிசம்பர் 23, செவ்வாய்

நான்காம் வரைவு. ஐந்து வரி. 'பக்கம் 88இல் உள்ள சொற்கள் சுவடியில் இல்லை. நான் ஊகித்து எழுதியவை. ஊகம் என்ற குறியையும் நானே நீக்கினேன். அந்தக் கிழங்கு வெளிப்பூச்சுக்கு உரியது, குடிக்கத் தருவதில்லை. இதைத் தெய்வாத்தாள் செப்டம்பரிலேயே என்னிடம் சொன்னார்.'

அனுப்பிவிட்டேன். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். சௌந்தரம் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ஜனவரி 7, புதன்

அஸ்வந்த் அழைத்தார். நான் பயந்த மாதிரி கோபமில்லை. உற்சாகமாக இருந்தார்.

"சார், சூப்பர் லெட்டர். நேத்தே அப்டேட் விட்டாச்சு. இப்ப பத்துப் போட்டா அந்தப் பொண்ணு பொழைச்சுக்கறா. 'பேராசிரியர் கடிதத்தின்படி சரித்திரத் துல்லியத்துக்காகத் திருத்தினோம்'னு போட்டிருக்கோம், செம ரெஸ்பான்ஸ்."

"ரொம்ப நல்லது. தெய்வாத்தாள் பெயர்..."

"அந்தம்மாவையே தூக்கிட்டோம் சார். அவங்க மூஞ்சி இப்ப ஜோக் ஆயிடுச்சு. அந்த மூஞ்சி வந்தாலே ஜனங்க சிரிக்கறாங்க, சீனே நிக்க மாட்டேங்குது. கேஸ் கீஸ் போட்டுட்டாங்கன்னா எதுக்கு ரிஸ்க்? அதுக்குப் பதிலா ஒரு வைத்தியர் வெச்சிருக்கோம். ஆம்பள. குடுமி, ருத்ராட்சம், பக்கத்துல ஏட்டுக்கட்டு. பக்காவா இருக்காரு."

"ஆண்கள் பிரசவ அறைக்குள் போக மாட்டார்களே" என்றேன். இதையாவது சொன்னேன்.

"வாசல்ல நின்னு சொல்ற மாதிரி மாத்திக்கறோம் சார்."

ஜனவரி 9, வெள்ளி

மெர்லின் அட்டவணையை அனுப்பியிருந்தாள். முப்பத்திரண்டாவது வரி பச்சையாகியிருக்கிறது. 'கண்வலிக் கிழங்கு, வெளிப்பூச்சு. தலை தெரிந்ததும் துடைத்துக் கழுவ வேண்டும்.' ஆதாரம்: பேராசிரியர் சென்னியப்பன், கடிதம், 23.12.2025.

கீழே அவள் எழுதியிருந்தாள்: 'சார், உங்க லெட்டர்ல அவங்க பேர் இருக்கு. ஆதாரத்துல அவங்க பேரும் வரணும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் மாத்திடறேன். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க.'

விதியை வகுத்தவனே விதியை மீறுவது சரியாக இருக்குமா என்று யோசித்தேன். நிறுவனத்தின் முடிவுக்கு விடுகிறேன் என்று பதில் எழுதினேன்.

ஜனவரி 12, திங்கள்

தெய்வாத்தாள் அழைத்தார். ஆட்டத்தைத் திருத்திவிட்டார்கள் என்று மகிழ்ச்சியாகச் சொன்னேன்.

"தெரியுமுங்க. என்னைய எடுத்துட்டாங்களாமா. கொலகாரின்னுதான எடுப்பாங்க? முன்னால ஊர்ல சிரிச்சுட்டுத்தான் இருந்தாங்க. இப்ப ஆமாம்னே முடிவு பண்ணிட்டாங்க." குரலை உயர்த்தவில்லை. "சார், நான் உங்களை ஒண்ணும் கேட்டதில்ல. ஒரே ஒருக்கா இங்க வந்து, அந்தத் தோட்டத்து ஊட்டுல நீங்களே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. பொஸ்தகத்துல தப்பா இருந்துச்சு, இந்தம்மா சரியாத்தான் சொன்னான்னு. அவ்வளவுதான். அங்க பேரன் பொறந்து பத்து நாளாச்சு. இன்னும் தண்ணி வாக்க யாரையும் வெக்கல. நீங்க சொன்னா அவிய கேப்பாங்க. உங்காளுக."

பொங்கல் கழித்து வருகிறேன் என்றேன்.

ஜனவரி 18, ஞாயிறு

சிங்காநல்லூரில் ஏழு நாற்பதுக்குப் பேருந்து. தாராபுரத்தில் இறங்கி நகரப் பேருந்து. வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். 'தவறு என்னுடையது. தெய்வாத்தாள் சரியாகச் சொன்னார். நான் கேட்கவில்லை.' மூன்று வாக்கியங்கள்.

தெய்வாத்தாள் புதுச்சேலை கட்டி நிறுத்தத்தில் காத்திருந்தார். தோட்டத்து வீடு வரை கூட நடந்து வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியருகே நின்றுகொண்டார். "நீங்க போங்க சார். நான் இங்கயே இருக்கறேன்." உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அது என் வீடில்லை.

வீட்டுக்காரர் முத்துக்குமாரசாமி. அறுபது வயது இருக்கும். கோயமுத்தூரிலிருந்து பேராசிரியர் வந்திருக்கிறார் என்றதும் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். சொந்த ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். எந்தக் கூட்டம் என்று குலத்தைக் கேட்டார். அதையும் சொன்னேன்.

"அட, அப்ப நமக்கு மாமன் மச்சான் முறையல்லங்க. எங்கம்மா பொறந்த கூட்டம் அது. ஏ புள்ள, காப்பி கொண்டா, மச்சான் வந்திருக்காரு."

காபி வந்தது. சூடாக இருந்தது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "தெய்வாத்தாள் விஷயமாக வந்தேன். அந்த ஆட்டத்தில் கிழங்கு சம்பந்தமாக ஒரு தப்பு நடந்துபோயிற்று. இப்போது திருத்தியாயிற்று" என்றேன். மனப்பாடம் செய்தது அதுவல்ல. வாயில் வந்தது அது.

"தெரியுமுங்க மச்சான். எங்க மாப்பிள்ள சொன்னாரு. நீங்கதான் கண்டுபுடிச்சு லெட்டர் எழுதுனீங்களாமா. அப்பறந்தான் அவளை எடுத்தாங்களாம். படிச்சவங்க ஒருத்தரு இருந்ததுனால ஆச்சு."

"இல்லை, அவர் சொன்னது..." என்று தொடங்கினேன்.

அதற்குள் அவர் மனைவி பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "பெரியவங்க மொத மொத ஊட்டுக்கு வந்திருக்கீங்க, கையில வாங்கி ஆசீர்வாதம் பண்ணுங்கண்ணா" என்று என் மடியில் வைத்தார். பதினாறு நாள் பிள்ளை. தலை வெதுவெதுப்பாக இருந்தது. எனக்குப் பிள்ளைகளைப் பிடிக்கத் தெரியாது. கழுத்துக்குக் கீழே கையைக் கொடுக்க வேண்டும் என்று அவர் காட்டித் தந்தார். எல்லோரும் என்னைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகத் தொட்டியும், அதன் பக்கத்தில் சேலையின் ஓரமும் தெரிந்தன.

"அவளும் பாவம், வயசாச்சு" என்றார் முத்துக்குமாரசாமி. "எதோ தெரியாமச் சொல்லிக் குடுத்திருப்பா. நம்ம மனசுல ஒண்ணும் வெச்சுக்கலீங்க. பொங்கலுக்குத் துணி குடுத்துட்டோம். புள்ள விஷயத்துல மட்டும் வேண்டாம்னு பாக்கறோம். நீங்க என்ன சொல்றீங்க?"

பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று மெதுவாகத் தலையசைத்தேன். அதற்கு என்ன பொருள் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்தேன். கேட்டைச் சாத்திவிட்டு தெய்வாத்தாள் என் கூடவே நடந்தார். சாலைக்கு வந்ததும் கேட்டார்.

"சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டேன்."

"கேட்டுக்கிட்டாங்களா?"

"கேட்டுக்கொண்டார்கள்."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேருந்து வந்ததும் முதலில் ஏறி ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்து எனக்குக் கொடுத்துவிட்டு இறங்கினார். "பெரியவரு, தாராபுரத்துல பாத்து எறக்கி உடுங்க" என்று நடத்துநரிடம் சொன்னார்.

ஜனவரி 19, திங்கள்

வெளியே போகவில்லை.

ஜனவரி 21, புதன்

நான் நடையிலிருந்து திரும்பியபோது சௌந்தரம் என் கைபேசியைக் கையில் வைத்திருந்தாள்.

"அந்தத் தெய்வாத்தா பேசுனாங்க. இப்ப வந்துருவாரு, வந்ததும் பேசச் சொல்லட்டுமான்னேன். 'வேண்டாமுங்க, நேத்துத் தோட்டத்து ஊட்டுக்குப் போயிருந்தேன், சார் அங்க சொன்னதை அவிய சொன்னாங்க, கேட்டுக்கிட்டேன்னு மட்டும் சொல்லீருங்க'ன்னுட்டு வெச்சுட்டாங்க."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"அங்க என்ன சொன்னீங்க?"

"தப்பைத் திருத்தியாச்சு என்று சொன்னேன்."

"அப்பறம் எதுக்கு அந்தம்மா கொரலு அப்படி இருந்துச்சு?"

தெரியவில்லை என்றேன்.